பாலை மரத்தில் கூடு கட்டிய ஆள்காட்டி

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு காடு இருந்தது. மலைக்காடு மாதிரி ஓங்கி வளர்ந்த காடு அல்ல. மணல்மேட்டில் முளைத்த குட்டைக் காடு. வீரை, காரை, நாவல், பாலை என்று மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கையெல்லாம் சூரை முள் அடைத்திருக்கும். கடல்காற்று வருஷம் முழுக்க வீசி மரங்களின் தலையை ஒரே மட்டமாகச் சீவி வைத்திருந்தது. அதனால் வெளியே நின்று பார்த்தால் உள்ளே எந்த மரம் பெரியது, எது சின்னது என்று யாராலும் சொல்ல முடியாது. காட்டுக்கு வேலி, காவல் எல்லாம் அதுதான்.

காட்டின் நடுவில் கொஞ்சம் பள்ளமான இடம். அங்கே ஒரு கிழப்பாலை நின்றது. பள்ளத்தில் நின்றதால் எவ்வளவு பெருத்தும் அதன் தலை மற்ற மரங்களோடு மட்டமாகவே இருந்தது. அடிமரத்தை நாலைந்து பேர் கைகோத்துத்தான் கட்டிப்பிடிக்க முடியும். வைகாசி பிறந்தால் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்து உதிரும். முயல், மான், நரி, கௌதாரி, கீரி என்று காடே அதன் அடியில் வந்து கூடும். பழம் தின்னாதவர்கள்கூட நிழலுக்கு வருவார்கள், ஊர்வம்புக்கு வருவார்கள்.

இந்தக் கதையில் வரும் இரண்டு பேரை இன்று பார்த்தவர்களுக்கு, அன்று அவர்கள் இருந்த இருப்பை நம்புவது கஷ்டம். ஒருத்தி ஆள்காட்டிப் பறவை. அன்று அவள் கிழப்பாலையின் கவட்டில் கூடு கட்டி வாழ்ந்தாள். குரல் அவ்வளவு மெதுவாக இருக்கும். பக்கத்துக் கிளைக்குக் கேட்பதற்கே இரண்டு தடவை சொல்ல வேண்டும். கண்ணோரத்தில் இன்று இருக்கும் சிவப்பும் அன்று கிடையாது.

இன்னொருவர் மரநாய். அன்று அவர் பகலில்தான் நடமாடினார். வாலை ஆட்டிக்கொண்டு, எதிரே வருகிறவர்களையெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு, நட்ட நடு வெயிலில் போவார். வயிறு நிறைந்துவிட்டால் உலகத்தில் எல்லோரையும் பிடித்துப்போகும் சுபாவம். வைகாசி, ஆனியில் அவர் வயிறு எப்போதும் நிறைந்துதான் இருக்கும்.

இப்படி இருந்த காட்டின் ஓரத்தில், ஒரு சித்திரை மாதத்தில் கோடரிச் சத்தம் கேட்டது.

முதலில் ஓரத்தில் நின்ற ஒரு வீரை போனது. அதற்குப் பின்னால் நின்ற காரை போனது. பிறகு கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு நாவல். கோடரி நாளுக்கு நாள் உள்ளே வந்துகொண்டிருந்தது. வழியே இல்லாத காட்டுக்குள் மனிதன் எப்படி வருகிறான்? யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள். இதை முதலில் சொன்னது யார் என்று பிற்பாடு யாருக்கும் நினைவில்லை. சொன்ன மறுகணமே எல்லோருக்கும் அது முன்பே தெரிந்த சங்கதி மாதிரி ஆகிவிட்டது. சந்தேகத்துக்கு அப்படி ஒரு சாமர்த்தியம் உண்டு.

அதற்குப் பிறகு காட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. முயலுக்குக் காது ஏன் அவ்வளவு நீளம், ஒட்டுக்கேட்கத்தானே என்று பேச்சு வந்தது. கௌதாரி புதருக்குள் பதுங்கினால், எதற்குப் பதுங்குகிறாள் என்று கேட்டார்கள். பதுங்காமல் வெளியே வந்தால், எதற்கு இவ்வளவு தைரியம் என்றார்கள். ஒருநாள் கீரி கட்டாமையை வழிமறித்தது.

“நீ ஏன் இவ்வளவு மெதுவாப் போறே?”

“நான் எப்பவும் இப்படித்தானே போறேன்?” என்றது கட்டாமை.

“அதான் கேக்கறேன். எப்பவும் ஏன் இப்படிப் போறே?”

கட்டாமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. “பாத்தீங்களா, மூஞ்சிய மறைக்குது” என்று கீரி எல்லோரிடமும் போய்ச் சொன்னது.

நரி மட்டும் கவலைப்படவில்லை. “எம்மேல சந்தேகம் இருக்கறவங்க வரிசையா வாங்க. எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல” என்றது. நரியைப் பிறந்ததிலிருந்தே சந்தேகப்பட்டு எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்ததால், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டம் கூடினால் நடுவில் நின்று பேச ஆள் வேண்டுமே என்று அதையே நாட்டாமையாகவும் வைத்துக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் குட்டையில் சேர்ந்து தண்ணீர் குடிப்பார்கள். இப்போது ஒருவர் குடிக்கும்போது மற்றவர்கள் தள்ளி நின்று, குடிக்கிறவர் யாருக்காவது சாடை காட்டுகிறாரா என்று பார்த்தார்கள். பாதி குடித்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம்.

இவர்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவள் ஆள்காட்டி. காரணம் இருந்தது. அந்தப் பருவத்தில்தான் அவள் பாலையின் கவட்டில் நான்கு முட்டை இட்டிருந்தாள். கோடரி பாலைக்கு வந்தால் மரம் போகும். மரம் போனால் முட்டை போகும். படுத்தால் எழுந்தால் அவளுக்கு இந்த நினைப்புதான். காட்டிக்கொடுக்கும் துரோகியைக் கண்டுபிடித்துவிட்டால் மரம் பிழைக்கும், முட்டை பிழைக்கும் என்று அவள் மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. உச்சிக் கிளையில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொருவராக நோட்டம் விட ஆரம்பித்தாள்.

“நீ கொஞ்சம் கண்ணசரு. நான் பாத்துக்கறேன்” என்றது அவளுடைய ஆண்துணை.

“நீங்க பாத்துக்குவீங்க. காலையில குட்டைக்குப் போயிட்டு வர ஏன் அவ்வளவு நேரம்?”

“தண்ணி குடிச்சேன்.”

“தண்ணி குடிக்கவா அவ்வளவு நேரம்?”

“ரெண்டு புழுவும் தின்னேன்.”

“எனக்குக் கொண்டாரலியே?”

ஆண் ஆள்காட்டி கிளையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. அவளோ, புழு தின்றது உண்மைதானா என்று அதன் அலகில் மண் ஒட்டியிருக்கிறதா பார்த்தாள். ஒட்டியிருந்தது. இருந்தும் மனம் ஒப்பவில்லை.

இப்படிக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தபோதுதான் மரநாயின் நடமாட்டம் அவள் கண்ணில் பட்டது.

மரநாய் காலையில் பாலைக்கு வருவார். பழத்தை விதையோடு சேர்த்து விழுங்குவார். வயிறு முட்டியதும் எழுந்து இரண்டு பக்கமும் பார்ப்பார். யாராவது பார்த்தால் வேறெங்கோ பார்ப்பது மாதிரி நிற்பார். பிறகு சூரை முள்ளுக்கு அடியில் நுழைந்து காட்டின் ஓரத்தை நோக்கிப் போவார். கோடரி விழுந்து மரங்கள் போன இடத்தில் வெயில் இறங்கியிருந்தது. அங்கே கல்லும், வெட்டிப்போட்ட கட்டையும் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து, பாரம் இறங்கிய முகத்தோடு திரும்பி வருவார். ஆள்காட்டி அந்தப் பக்கம் பறந்துபோய்ப் பார்த்தாள். ஒரு கல்லின்மேல் குவியலாகப் பாலை விதை. பளபளவென்று கறுப்பாக, எண்ணெய் தடவி வைத்தது போல. அடுத்த கட்டையின்மேலும் ஒரு குவியல். அதற்கடுத்த மொட்டை அடிமரத்தின்மேலும் ஒன்று. கோடரிக்காரன் வரும் பக்கத்திலிருந்து பாலை இருக்கும் பக்கத்தைப் பார்த்து, வரிசையாக.

மறுநாள் மரநாய் கிளம்பும்போது அவள் தாழக் கிளைக்கு இறங்கி வந்தாள்.

“மரநாயண்ணே, சாப்பிட்டதும் எங்க கிளம்பிட்டீங்க?”

மரநாயின் காது மடங்கியது. “சும்மா. காலார நடந்துட்டு வரலாம்னு.”

“காலார நடக்க அந்தப் பக்கந்தான் கெடைச்சுதா? கோடாலிக்காரன் வர்ற பக்கமாச்சே.”

“அங்கதான் கொஞ்சம் வெட்டவெளியா இருக்கு.”

“வெட்டவெளியில ஒங்களுக்கு என்னா வேலை?”

“இருக்கு, ஒரு வேலை.”

“என்னா வேலைன்னுதான் கேக்கறேன்.”

“தாயி, அதெல்லாம் நீ கேக்கக்கூடாது, நான் சொல்லவும் கூடாது” என்று சொல்லிவிட்டு மரநாய் வேகமாகப் போய்விட்டார். போகும் வேகத்தில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டதை ஆள்காட்டி கவனிக்கவில்லை.

அவர் மறைத்தது என்ன என்று உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். மரநாய்க் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோறு போட்ட இடத்தில் மலம் கழிக்கக் கூடாது. பழம் கொடுத்த மரத்தின் நிழலில் அந்தக் காரியத்தைச் செய்வது பெற்ற தாயின் மடியில் செய்வது போல என்று அவருக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருந்தார்கள். அதனால் எவ்வளவு அவசரமானாலும் அடக்கிக்கொண்டு தூரத்துக்கு ஓடுவார். விழுங்கிய விதை விழுங்கியபடியே வெளியே வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை ஒரு பெண்பிள்ளையிடம், அதுவும் முட்டை வைத்திருப்பவளிடம், எப்படி எடுத்துச் சொல்வது? அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கம்தான் ஆள்காட்டியின் கண்ணுக்குத் திருட்டு முழியாகத் தெரிந்தது.

அன்று மத்தியானமே கூட்டம் கூடியது. ஆள்காட்டி தன் மெல்லிய குரலில், பார்த்ததையெல்லாம் சொன்னாள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொன்னார்கள். சொல்லச் சொல்லக் குவியல்கள் கூடிக்கொண்டே போயின.

நரி மரநாயைப் பார்த்தது. “கல்லுமேல வெதய வெச்சது நீதானா?”

“நான்தான்” என்றார் மரநாய்.

“கோடாலிக்காரனுக்கு அடையாளமா?”

“ஐயோ, அது அடையாளம் இல்ல.”

“பொறவு என்னா?”

மரநாய் சுற்றிலும் பார்த்தார். முயலின் மனைவி நின்றாள். கௌதாரிப் பெண்கள் நின்றார்கள். மான்குட்டிகள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவர் தலை குனிந்தது.

“இத்தன பேரு முன்னால சொல்ற சங்கதி இல்ல” என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு முடிந்துவிட்டது. கூட்டம் கொதித்தது. வேறு சமயமாக இருந்தால் யாராவது ஒருவர் தனியே அழைத்துப்போய்க் கேட்டிருப்பார்கள். அன்று அவரோடு தனியே போகிறவர் மேலும் சந்தேகம் வரும் என்று யாரும் முன்வரவில்லை. வெளிமான் முன்னால் வந்து கொம்பைத் தாழ்த்தியது.

“இனிமே பகல்ல ஒன் மூஞ்சி இந்தக் காட்டுல தெரியக்கூடாது. தெரிஞ்சா குத்திக் கிழிச்சிடுவேன்.”

மரநாய் போகும்போது பாலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “தாயி, ஒன் முட்டைக்கு ஒரு கொறையும் வராது. நான் போயிட்டு வர்றேன்” என்றார்.

ஆள்காட்டிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. மறுகணமே, போகிறவன் முட்டையைப் பற்றி எதற்குப் பேசினான், பார்த்து வைத்திருக்கிறானோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் அந்தச் சுருக்கும் போய்விட்டது.

மறுநாள் காலையில் மறுபடியும் கோடரிச் சத்தம் கேட்டது.

துரோகியை விரட்டிய பிறகும் கோடரி நிற்கவில்லை என்றால் அதற்கு ஒரு பொருள்தான் என்று காடு முடிவு செய்தது. மரநாய்க்குக் கூட்டாளி இருக்கிறார்! யார் அந்தக் கூட்டாளி என்று மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாம் விரட்டியது தப்பான ஆளையோ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆள்காட்டி தூக்கத்தை அடியோடு விட்டாள். இமைக்காமல் பார்த்துப் பார்த்து அவள் கண்ணோரத்துத் தோல் தடித்துச் சிவந்துபோனது. அந்தச் சிவப்பு பிறகு மாறவே இல்லை.

இனி அந்தக் கோடரிக்காரன் யார் என்று பார்ப்போம். அவன் பெயர் பக்கிரி. வயலுக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குச் செக்கு செய்து கொடுப்பவன். அவன் மனைவி தையநாயகி, அவன் வெட்டியதில் சிறுசை விறகாகக் கட்டிக்கொண்டு போவாள். காட்டின்மேல் அவர்களுக்குப் பகை ஒன்றும் இல்லை. செக்கு உலக்கைக்குப் பெருத்த, வைரம் பாய்ந்த மரம் ஒன்று வேண்டும். அதைத் தேடித்தான் சித்திரையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்.

ஒருநாள் சூரை முள் சுவர் மாதிரி வந்து மறித்தது. தையநாயகி காலில் முள் தைத்துவிட்டது. ஒரு கல்லின்மேல் கிடந்த விதைகளைக் கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினாள்.

“ஏங்க, போதும். கால் ரெண்டும் கிழிஞ்சிபோச்சு. வூட்டுக்குப் போவோம்.”

“செக்கு ஒலக்கைக்கு ஆவுற மரம் ஒண்ணுகூட அம்புடலியேடி. வெட்டுனதெல்லாம் கைத்தடிக்குத்தான் ஆவும் போலருக்கு.”

“இந்தக் காட்டுல இருக்கறதே அவ்வளவுதான். வெளியேருந்து பாத்தா தெரியல? எல்லாம் ஒரே மட்டம். நம்ப வேற காட்டப் பாப்போம்.”

பக்கிரி கொஞ்ச நேரம் முள்ளைப் பார்த்தான். “சரி, வா” என்று கோடரியைத் தோளில் சாய்த்தான்.

அவர்கள் திரும்பி இரண்டு எட்டு வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பாலையின் உச்சியிலிருந்து ஆள்காட்டி பார்த்தது வேறு. அந்த மனுஷி கல்லின்மேல் கை வைத்ததைப் பார்த்தாள். விதைகளைத் தொட்டதைப் பார்த்தாள். அடையாளத்தைக் கண்டுகொண்டார்கள், இனி நேரே பாலைக்குத்தான் வருவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பிறந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த குரல் அத்தனையும் ஒன்றாகத் திரண்டு அவள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“வந்துட்டாங்க! வந்துட்டாங்க! எல்லாரும் ஓடியாங்க!”

மனிதர்கள் காதில் அது ‘ட்டீ! ட்டிட்டீ!’ என்றுதான் விழுந்தது. பக்கிரி நின்றான்.

“என்னாடி அது?”

“ஏதோ பறவ கத்துது. வாங்க.”

“கத்துறது இருக்கட்டும். எங்கேருந்து கத்துது பாரு. தூரத்துல தரை பள்ளமா இறங்குது, ஆனா சத்தம் நல்ல ஒசரத்துலேருந்து வருது. கைத்தடி மரத்துமேல ஒக்காந்து கத்துனா இப்படி வராது. அங்க பெரிசா ஒண்ணு நிக்குது!”

பக்கிரி தோளிலிருந்து கோடரியை இறக்கினான். முள்ளை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான். நடுவில் திசை தப்பியது. இடது பக்கம் போகலாமா வலது பக்கம் போகலாமா என்று தடுமாறி நின்றான். அவன் நின்றது ஆள்காட்டிக்குத் தெரிந்தது. எதற்கு நிற்கிறான், என்ன சதி செய்கிறான் என்று இன்னும் உரக்கக் கத்தினாள். பாலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தினாள். அவன் சத்தம் வந்த பக்கம் திரும்பினான்.

ஆண் ஆள்காட்டிக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

“அடியே, கத்தாதே! ஒன் சத்தத்தப் புடிச்சிக்கிட்டுத்தான் அவன் வர்றான்!”

அவள் சிவந்த கண்ணால் அதைத் திரும்பிப் பார்த்தாள்.

“கத்தாதேங்கறீங்களா? முட்டைய வெச்சிக்கிட்டு என்ன வாய மூடச் சொல்றீங்களா? அப்ப நீங்கதானா அந்தக் கூட்டாளி?”

அவள் முன்னிலும் பலமாகக் கத்தினாள். கடைசிச் சூரைப் புதர் விலகியது. பக்கிரி கிழப்பாலையின் முன்னால் வந்து நின்றான்.

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் அவள் கத்துவதை நிறுத்தினாள். பாலையின் அடியில் கூடியிருந்தவர்கள் எப்போதோ சிதறி ஓடியிருந்தார்கள். பக்கிரி மரத்தைச் சுற்றி வந்தான். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். பிறகு கோடரியை ஓங்கினான். பாலை மரம் லேசில் விழுவது இல்லை. வெட்டு ஒவ்வொன்றுக்கும் கோடரி திமிறிக்கொண்டு திரும்பியது. மரத்திலிருந்து பால் வடிந்தது. தையநாயகி நிழலில் உட்கார்ந்து உதிர்ந்த பழத்தைத் தின்றுகொண்டே கேட்டாள்.

“ஏங்க, சித்திரையிலேருந்து இந்தக் காட்டுக்குள்ள ஒங்களுக்கு யாருங்க வழி காட்டுனா? உள்ள வந்தா எனக்குத் தெக்கு வடக்கே தெரியல.”

பக்கிரி சிரித்தான். “யாரு காட்டுறது? ஓரத்துல ஒரு மரம் நின்னுச்சு, வெட்டுனேன். அதுக்குப் பின்னால ஒண்ணு நின்னுச்சு, அதையும் வெட்டுனேன். காட்டுல எனக்கு யாருடி சொந்தக்காரங்க இருக்காங்க? இந்தப் பறவ மட்டும் கத்தலேன்னா இந்நேரம் வூட்டுல ஒக்காந்து கஞ்சி குடிச்சிக்கிட்டிருப்பேன்.”

ஆள்காட்டியின் அலகு திறந்தபடியே நின்றுவிட்டது. காட்டிக்கொடுத்தவர் யாருமே இல்லை. சித்திரையிலிருந்து இந்தக் காட்டில் ஒரு துரோகி இருந்ததே இல்லை, இன்று காலைவரை.

பொழுது சாயும் நேரத்தில் பாலை சாய்ந்தது. அவள் கூட்டின்மேல் இறக்கையை விரித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். மரம் சாயும் வேகத்தில் கூடு அவளுக்குக் கீழிருந்து நழுவிப் போனது. இறக்கை இருந்ததால் அவள் பிழைத்தாள். முட்டைக்கு இறக்கை ஏது?

தையநாயகி விழுந்த கிளைகளுக்கு நடுவில் குனிந்து எதையோ எடுத்தாள். மண்ணிறத்தில் புள்ளி போட்ட ஓட்டுத் துண்டு.

“ஐயோ, முட்டையில்ல இருந்திருக்கு. அதான் அந்தக் கத்து கத்தியிருக்கு, பாவம்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரிஞ்சிருந்தா மட்டும் வுட்டிருப்பீங்களா?”

பக்கிரி கோடரியின் வாயைத் துடைத்தான்.

அதற்குப் பிறகு ஆள்காட்டியை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஒரு வீரையில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கிளை தனக்குக் கீழே சாய்வது மாதிரி இருந்தது. நாவலில் உட்கார்ந்தாள். அங்கேயும் அப்படித்தான். கிளையைப் பிடிக்க வேண்டிய பின்விரல் பிடிக்க மறுத்தது. கடைசியில் பாலை விழுந்து வெறிச்சோடிய தரையில் வந்து நின்றாள். தரை சாயவில்லை. அங்கேயே இருந்துவிட்டாள். ஆண் ஆள்காட்டி கொஞ்ச தூரத்தில் வந்து நின்றது. ஒன்றும் கேட்கவில்லை, போகவும் இல்லை. உபயோகம் இல்லாத பின்விரல் நாளாக ஆகச் சூம்பிப்போனது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மணல் குடிக்கிற மட்டும் குடித்தது. மழை விட்ட ஒரு காலையில் நரி காட்டின் ஓரத்திலிருந்து ஓடி வந்தது.

“ஆள்காட்டி, இங்க வந்து பாரு!”

அவள் நடந்தே போனாள். கல்லின்மேல் இருந்த குவியல்கள் மழையில் கரைந்து கல்லடி மண்ணில் இறங்கியிருந்தன. கல்லோரத்தில், கட்டையின் இடுக்கில், மொட்டை அடிமரத்தைச் சுற்றிலும் இரண்டிரண்டு இலையோடு பாலைக் கன்றுகள் நின்றன. மரம் வெட்டி வெயில் இறங்கிய இடத்தில் எல்லாம் நின்றன. கிழப்பாலை நின்ற இடத்திலோ ஒன்றுகூட இல்லை. அத்தனை வருஷம் அங்கே உதிர்ந்த விதையெல்லாம் தாயின் நிழலிலேயே கிடந்து மக்கிப்போயிருந்தது.

“இது அடையாளம் இல்லடியம்மா. அவன் சாப்பிட்டு...” என்று ஆரம்பித்த நரிக்கே சொல்லக் கூச்சமாகிவிட்டது. “புரியுதில்ல?” என்று முடித்துக்கொண்டது.

புரிந்தது. பாலையை அழித்தது எது, பாலையைப் பிழைக்க வைத்தது எது என்று இரண்டும் ஒரே நேரத்தில் அவளுக்குப் புரிந்தது. அவள் கன்றுகளுக்கு நடுவில் நின்று அழுதாள்.

அன்று மாலையே மரநாயைத் தேடிப் போனாள். அவர் காட்டின் கடைசியில் ஒரு பட்ட நாவலின் பொந்துக்குள் இருந்தார். உள்ளே இரண்டு கண் மட்டும் மின்னியது.

“அண்ணே, நான்தான். வெளிய வாங்க.”

“இன்னும் வெளிச்சம் இருக்கே தாயி” என்றது உள்ளிருந்து குரல்.

“கன்னு மொளைச்சிருக்கு, அண்ணே. எல்லாம் பாத்துட்டேன். அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?”

“எதைச் சொல்றது? எனக்கே அது மொளைக்கும்னு தெரியாது. தூரமாப் போவணும்னு சொல்லிக் கொடுத்தாங்க, போனேன். மத்தபடி அத வாய்விட்டுச் சொல்ற வயித்துல நான் பொறக்கல.”

“மன்னிச்சிடுங்க. நாளைக்குப் பகல்ல வாங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”



“வேணாம் தாயி. ஒருதடவ சந்தேகப்பட்ட கண்ணு மறுபடி பாக்கறப்ப வேற மாதிரிதான் பாக்கும். நீங்கள்லாம் தூங்குனப்புறம் வர்றேன். சாப்பிட்டுட்டு, செய்ய வேண்டியதச் செஞ்சிட்டுப் போயிடறேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டு அவர் கேட்டார். “முட்டை பொரிஞ்சிடுச்சா?”

அவள் தலையை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த பங்குனியில் அவள் மீண்டும் முட்டையிட்டாள். கூடு கட்டவில்லை. வெட்டவெளியில், நாலு பக்கமும் தெரிகிற இடத்தில், கூழாங்கற்களுக்கு நடுவில் கூழாங்கல் மாதிரி இட்டாள். ஒருநாள் பக்கிரி வேறு மரம் தேடி அந்தப் பக்கம் வந்தான். அவன் காலடி முட்டையை நோக்கியே வந்தது. ஆண் ஆள்காட்டி அவளைப் பார்த்தது. அவள் சத்தம் காட்டாமல் எழுந்தாள். தலையைத் தாழ்த்திக்கொண்டு தரையோடு தரையாக ஓடினாள். நன்றாகத் தள்ளிப் போனாள். ஒன்றுமே இல்லாத ஒரு மணல் திட்டின்மேல் ஏறி நின்று, முட்டை அங்கேதான் இருப்பது போலக் கூப்பாடு போட்டாள்.

பக்கிரி நின்றான். அந்தக் குரல் அவனுக்கு ஞாபகம் இருந்தது. போன தடவை அது கத்திய இடத்தில்தானே அவ்வளவு பெரிய மரம் கிடைத்தது? முட்டைக்கு இரண்டு எட்டு இருக்கும்போது அவன் திசை திரும்பி, அவள் கத்திய பக்கம் போனான். அங்கே மணலைத் தவிர வேறெதுவும் இல்லை. அவள் இன்னும் தள்ளிப் போய்க் கத்தினாள். அவன் இன்னும் தள்ளிப் போனான். காடு முழுக்க அவனுக்குப் பின்னால் இருந்தது.

காடு விரட்டிய அன்று முதல்தான் மரநாய் ஊரடங்கிய பிறகு வெளியே வருகிறது. தின்ற பழத்தின் விதையைக் கல்லின்மேலும் கட்டையின்மேலும் விட்டுவிட்டு, விடிவதற்குள் போய்விடுகிறது. கடலோரத்தில் இன்று நிற்கும் பாலைக்கெல்லாம் தகப்பன் யார் என்று யாரும் அதைக் கேட்பதில்லை, அதுவும் சொல்வதில்லை. ஆள்காட்டி எந்த மரத்திலும் உட்காருவதில்லை. நீங்கள் வெட்டவெளியில் நடக்கும்போது அது தலைக்குமேல் வந்து அலறினால், அந்த இடத்தில் குனிந்து தேடாதீர்கள். அங்கே ஒன்றும் இருக்காது. அன்று முதல்தான் அது தான் காப்பாற்ற வேண்டியதன் பக்கத்தில் நின்று வாயைத் திறப்பதே இல்லை.